ஐந்து கிலோ உப்பும் ஒரு நெடில் எழுத்தும்

கவலைப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் மாவட்டத்திலேயே நான்தான் முதலாவதாக வருவேன். (பெறுபேறு வரும்வரை அதற்கும் கவலைப்படுவேன்.) அப்படிப்பட்ட ஒருத்திக்குப் பிறந்த மகளோ, பதினான்கு மாதத்தில், தரையில் கிடப்பது எதுவாக இருந்தாலும் வாயில் போட்டுப் பார்ப்பவளாக இருந்தாள். புல், மண், ஒருநாள் நத்தை ஓடு.

கண்டி மஹய்யாவவில் ஒரு சரிவான வளவின் மேல்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். கீழ்வீட்டில் வீட்டுக்காரி சுமனா அக்கா. எங்கள் முற்றம் முடியும் இடத்தில் அவருடைய பொன்னாங்கண்ணிப் பாத்தி தொடங்கும், அதற்கும் கீழே அந்தூரியம் சட்டிகள். எங்கள் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிய இருந்தது. தொடர்ந்து இருக்கலாமா என்பதை முற்றத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சுமனா அக்கா சொல்லியிருந்தார். எங்களுக்கு முன்பு இருந்தவர்கள், அவருடைய புதினாவின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதால் போனவர்கள். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடமும் பிள்ளையை விடும் இடமும் அந்த வீட்டிலிருந்து நடை தூரம். வீடு போனால் எல்லாம் போச்சு.

முற்றத்திலோ முழங்கால் உயரத்துக்குக் களை.

"ஆளப் புடிச்சு மருந்து அடிச்சிருவோம்" என்றார் என் கணவர் ரமேஷ். பேராதனையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர்.

"மருந்தா? பிள்ளை திங்கிற புல்லுக்கா?"

"அப்ப பிள்ளைக்கு வேற ஏதாவது திங்கக் குடு."

நான் கைத்தொலைபேசியை எடுத்தேன். இயற்கை வழிகள் அதில் ஏராளமாக இருந்தன. முதலில் கொதிநீர். இரண்டு கேத்தல் ஊற்றினேன். புல் வாடியது. மண்புழுக்கள் மேலே வந்து துடித்தன, நான் அவற்றிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன். எறும்புகள் முட்டையோடு எங்கள் படுக்கையறைக்குக் குடிவந்தன. அடுத்தது வினாகிரி. நான்கு போத்தல் தெளித்தேன். முற்றம் முழுவதும் அச்சாறு மணந்தது. களையின் இலை கருகியது, பக்கத்திலிருந்த கறிவேப்பிலைக் கன்றும் சேர்ந்து கருகியது. ஒரே வாரத்தில் களை மட்டும் வேரிலிருந்து திரும்பவும் துளிர்த்தது.

அன்று சுமனா அக்கா வேலியருகே வந்து எட்டிப் பார்த்தார். பாதி சிங்களம், பாதி தமிழில்தான் பேசுவார்; நான் அவருக்கு நங்கி, அதாவது தங்கச்சி.

"நங்கி, ஏன் இந்தக் கஷ்டம்? வேலி ஓரமா லூணு போடுங்க. நல்லா நெருக்கமா போடுங்க. புல்லுக்கு எடம் இருக்காது."

லுணு என்றால் சிங்களத்தில் உப்பு. லூணு என்றால் வெங்காயம். இரண்டாம் மொழிச் சிங்களத்தில் ஏ எடுத்தவள் நான், எழுதச் சொன்னால் இரண்டையும் பிழையில்லாமல் எழுதுவேன். காதில் விழுந்தபோதுதான் அந்த நெடில் குறிலாகிவிட்டது. (முதல் நாள் இரவெல்லாம் உப்பால் களை அழிப்பது பற்றி வாசித்திருந்தேன். அவர் வாயைத் திறக்கும் முன்பே என் காதில் உப்பு நிரம்பியிருந்தது.) வீட்டுக்காரியே சொல்லிவிட்டார் என்ற சந்தோஷத்தில் கடைக்கு ஓடி ஐந்து கிலோ கல்லுப்புக் கேட்டேன்.

"கருவாடு போடப் போறீங்களா மிஸ்?" என்றார் கடைக்காரர்.

போட்டேன். வேலி ஓரத்தில் தொடங்கி முற்றம் முழுக்க, உப்பை நெருக்கமாகவே போட்டேன். மாலையில் கண்டி மழை வழக்கம்போல் நேரம் தவறாமல் வந்தது.

நான்கு நாளில் எங்கள் முற்றம் மொட்டையானது. ரமேஷைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டேன். ஆறாம் நாள் பொன்னாங்கண்ணிப் பாத்தி பழுப்பு நிறமானது. எட்டாம் நாள் அந்தூரியம் தலை சாய்த்தது. ஒன்பதாம் நாள் சுமனா அக்கா மேலே ஏறி வந்தார்.

"நங்கி, என்ன போட்டீங்க?"

"நீங்க சொன்னதுதான் அக்கா. லுணு."

"நான் லூணு சொன்னேன். வெங்காயம்."

நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்துக்குள் மனசால் வீட்டைக் காலி செய்து, அலுமாரியை லொறியில் ஏற்றி, மடுல்கெல்லயில் இருக்கும் மாமியார் வீட்டு வாசலில் இறக்கியும்விட்டேன்.

"தண்ணி ஊத்திக் கழுவிடுறேன் அக்கா" என்றேன் பதறி.

"கழுவினா எங்க போகும்? மேல போட்டா கீழ வரும், கீழ நான் இருக்கிறேன். எனக்குக் கீழ இன்னும் நாலு வீடு. மகாவலி ஆறு வரைக்கும் போய்க் கழுவுவீங்களா?"

பிள்ளைக்கு நஞ்சு வேண்டாம் என்று தொடங்கிய நான், ஒரு மலைச்சரிவையே ஊறுகாய் போட்டிருந்தேன். ரமேஷ் ஒரு கைப்பிடி மண்ணைச் சாப்பாட்டுப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போய், மண் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். அவர் சோதித்துவிட்டு, "புத்தளத்துல காணி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டாராம். (புத்தளம் உப்பளங்களுக்குப் பேர்போன ஊர்.)

அவர் சொன்னபடி மேல்மண்ணைச் சுரண்டிப் பதினொரு உரப்பைகளில் கட்டினோம். இலைகுழை உரம் கொண்டுவந்து கொட்டினோம். சுமனா அக்காவின் பாத்தியை மூன்று வாரம் நானே முழங்காலில் நின்று கொத்தினேன், களையையும் கையாலேயே பிடுங்கினேன். ஒப்பந்தம் முடியும் மாதக் கடைசியில் அவர் வந்து பார்த்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போனார். அன்று இரவு நான் மனசால் அலுமாரியைத் திரும்பவும் லொறியில் ஏற்றினேன்.

அடுத்த நாள் ஒப்பந்தம் வந்தது, இன்னும் மூன்று வருடத்துக்கு. கடைசிப் பக்கத்தில் புதிதாக ஒரு நிபந்தனை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் சிங்களத்திலும் தமிழிலும்: வாடகைக்கு இருப்பவர் உப்பைச் சமையலறைக்கு வெளியே கொண்டுசெல்லலாகாது. நான் கையெழுத்திட்டேன். ரமேஷ் சிரித்த சிரிப்பில் அவருடைய கையெழுத்து கோணலாகப் போனது.

இப்போது மகளுக்கு நான்கு வயது. நாங்கள் முற்றத்தில் உட்கார்ந்து மாங்காய் வெட்டும் நாட்களில், உப்புப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்று கத்துவாள்:

"சுமனா ஆன்டி, உப்பு வெளிய வரலாமா?"

கீழேயிருந்து பதில் வரும்:

"எத்தனை கிலோ?"