ரோல்ஸுக்காகப் பிரிந்த அரச தம்பதி

ஐரோப்பாவின் ஓர் அரச குடும்பத்துக்கு அவப்பெயர் தேடிக்கொடுத்தவர்கள் என்று யாராவது பட்டியல் போட்டால், அதில் பத்திரிகைக்காரர்கள் இருப்பார்கள், படம் பிடிப்பவர்கள் இருப்பார்கள், அரண்மனை வேலைக்காரர்களும் இருப்பார்கள். என் பெயர் இருக்காது. நியாயமாகப் பார்த்தால் நான் முதல் பத்துப் பேருக்குள் வரவேண்டியவன். அரண்மனை வாசலைக் கண்ணால்கூடக் காணாமல், சுவிஸில் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டே அந்த வேலையைச் செய்து முடித்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. பேர்ண் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை. ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர், எல்லோரும் கட்டைப் பிரமச்சாரிகள். முறை வைத்துச் சமைப்போம். என் முறை வரும் நாளில் மற்ற மூவருக்கும் வெளியில் ஏதாவது அவசர அலுவல் வந்துவிடும்.

அந்தக் காலத்தில்தான் அந்த இளவரசருக்கும் இளவரசிக்கும் சரிவரவில்லை என்ற கதை ஐரோப்பா முழுக்க அடிபட்டது. (பெயர் எதற்கு? பாவம், அவர்கள் பட்டது போதும்.) எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் அவர்கள்தான். எங்கள் ஆஸ்பத்திரியில் கால் முறிந்து கிடந்தவர்கூட இளவரசி பக்கம், அவருக்கு ஊசி போட்ட தாதி இளவரசர் பக்கம். இரண்டு சுவிஸ்காரர்கள் பஸ்ஸுக்குள் குரலை உயர்த்திக் கதைத்ததை நான் முதன்முதலாகக் கேட்டதும் இந்த விஷயத்தில்தான்.

நோயாளிகள் காத்திருக்கும் அறைகளில் கிடக்கும் பழைய சஞ்சிகைகளை அடுக்கி, நூலால் கட்டி, பழைய பேப்பர் எடுக்கும் நாளில் வெளியே வைப்பது என் பொறுப்பு. ஒரு ஞாயிறு, படங்கள் நன்றாக இருக்கின்றன என்று அதில் ஒன்றைச் சரோ அக்காவின் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோனேன். சரோ அக்கா எங்கள் ஊர். பிரமச்சாரிப் பொடியன்களைக் கண்டால் சோறு போடாமல் அனுப்பமாட்டார். அன்றைக்கு அங்கே பவளக்காவும் வேறு இரண்டு அக்காமாரும் வந்திருந்தார்கள்.

"இதிலை என்ன தம்பி போட்டிருக்கு? நீ டொய்ச் படிச்சனீதானே, வாசி பாப்பம்" என்றார் சரோ அக்கா.

மூன்று மாத ஜெர்மன் வகுப்புக்குப் போனது உண்மை. அந்த டொய்ச்சில் பாண் வாங்கலாம், மன்னிப்புக் கேட்கலாம், வாளி எங்கே என்று விசாரிக்கலாம். அரச குடும்பத்துக்குள் போக முடியாது. 'தெரியாது அக்கா' என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து பவளக்கா ஒரு தட்டு நிறைய மட்டன் ரோல்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் வாசித்தேன்.

வாசித்தேன் என்றால், பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வாயில் வந்ததைச் சொன்னேன். படத்தில் இளவரசி நிலத்தைப் பார்க்கிறாரா, மாமியார் ஏசிவிட்டார். இளவரசர் கடிகாரத்தைப் பார்க்கிறாரா, வீட்டுக்குப் போக அவருக்கு விருப்பமில்லை. இடையிடையே நெற்றியைச் சுருக்கி, "இந்த இடம் கொஞ்சம் கடுமையான டொய்ச்" என்று சொல்லிக்கொண்டு ஒரு ரோல்ஸை எடுத்துக் கடிப்பேன். அடுத்த வரியை யோசிக்க அந்த நேரம் போதும்.

எட்டு மாதம். ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும். சரோ அக்கா இளவரசர் கட்சி: "அந்தாள் என்ன செய்யும்? தாய் சொல்லுறதைத் தட்டேலாது, பாவம்." பவளக்கா இளவரசி கட்சி: "தாய் சொல்லுறதைக் கேக்கிறவர் தாயோடையே இருந்திருக்கலாமே, ஏன் ஒரு பொம்பிளைப்பிள்ளையைக் கட்டினவர்?" இரண்டு கட்சியும் அடுத்த வாரமும் வரவேண்டும் என்பதால் ஒரு வாரம் இளவரசரில் பிழை வைப்பேன், மறு வாரம் இளவரசியில். பெரிய பத்திரிகைகள் நூறு பேரைச் சம்பளத்துக்கு வைத்துச் செய்த காரியத்தை நான் தனியொருவனாக, ஒரு கோப்பை பிளேன்ரீயுடன் செய்தேன். சண்டை பெரிதாகிற வாரங்களில் ரோல்ஸும் இரண்டு கூட வரும். எனக்கும் மனச்சாட்சி இருந்தது, ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் ஒரு மார்கழி ஞாயிறு, கொஞ்சம் உச்சத்துக்குப் போய்விட்டேன். இளவரசர் காலைச் சாப்பாட்டு மேசையில் ஒரு சொல்லும் பேசுவதில்லையாம். வருவாராம், சாப்பிடுவாராம், எழும்பிப் போவாராம். பொறுத்துப் பார்த்த இளவரசி பெட்டியைக் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். அவ்வளவும் என் சொந்தச் சரக்கு. அன்றைக்குப் பவளக்கா எந்தக் கட்சிக்கும் கதைக்கவில்லை என்பதை, ரோல்ஸ் தின்கிற அவசரத்தில் நான் கவனிக்கவில்லை.

புதன்கிழமை பவளக்கா தன் பெட்டியைக் கட்டிக்கொண்டு சரோ அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். சரோ அக்கா அவருடைய சொந்தத் தங்கை.

எனக்கு இது திங்கட்கிழமைதான் தெரிந்தது. (இடையில் வந்த ஞாயிறு எனக்கு வேலை.) பவளக்காவின் கணவர் தங்கராசா அண்ணை எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். நல்ல மனுசன், ஆனால் வாய் திறக்காத மனுசன். மனைவியை ஊரிலிருந்து கூப்பிட முடியாமல் ஆறு வருடம் இங்கே தனியாக இருந்தவர். பவளக்கா வந்து சேர்ந்தபோது அவருக்குக் கதைக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. அன்றைக்கு நான் நடைபாதை துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணை வந்து சுவரோடு நின்றார். நான் அந்த நடைபாதையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை துடைத்து முடிக்கும்வரை பேசாமல் நின்றார்.

"தம்பி, அந்த ரெண்டு பேரையும் சேர்த்துவை."

"எந்த ரெண்டு பேர் அண்ணை?"

"இளவரசரும் அவவும்."

எனக்குத் துடைப்பத் தடி கையை விட்டு விழுந்தது.

"பவளம் வீட்டை விட்டுப் போட்டா. நீ வாசிச்சதைக் கேட்டுப்போட்டுத்தான். அவ்வளவு பெரிய வீட்டிலை இருக்கிறவளாலையே இதைப் பொறுக்கேலாமல் கிடக்கு, எனக்கென்ன தலையெழுத்தோ எண்டு கேட்டவ. நான் மறுமொழி சொல்லேல்லை." விழுந்த தடியை எடுத்து என் கையில் தந்தார். "ரெண்டு கோப்பை எடுத்து வைக்கிறன், பிறகு ஒண்டைத் திருப்பி வைக்கிறன். ஆறு வருசம் தனிய இருக்கேக்கை ஒண்டும் தெரியேல்லை. இப்ப அஞ்சு நாள் இருக்கேலாமல் கிடக்கு. எனக்குக் கதைக்கத் தெரியாது தம்பி. உனக்குத் தெரியும். நீ கதை."

அந்த நிமிடம் எனக்கு நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது போலிருந்தது. பிளக்கவில்லை. சுவிஸில் எல்லாம் உறுதியாகக் கட்டியிருப்பார்கள். அடுத்த ஞாயிறு கையில் அகப்பட்ட ஒரு சஞ்சிகையுடன் போனேன். இருவரும் தொப்பியுடன் சேர்ந்து சிரிக்கும் படம் இருந்தது, அது போதும். இரண்டு பேரையும் எங்கடின் பள்ளத்தாக்குப் பக்கம் பனிமலை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். மலை ரயிலில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஏற்றினேன். இளவரசரைக்கொண்டு தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்ற வைத்தேன். "நான் இனிக் கதைப்பன்" என்று அவர் சொன்ன இடத்தில் என் கையில் இருந்த ரோல்ஸையே மறந்துபோனேன்.

பவளக்கா மூக்கை உறிஞ்சினார். "நாளைக்கு வேலை முடிய நான் வீட்டை போறன்" என்றார்.

அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன். கியோஸ்க் என்ற பத்திரிகைக் கடையின் முன்னால் அன்றைய பத்திரிகையின் விளம்பரத்தாள் தொங்கியது. இளவரசரும் இளவரசியும், நடுவில் கடதாசியைக் கிழித்தது போல ஒரு கோணல் வெடிப்பு. பிரிந்துவிட்டார்களாம். அதை விளங்கிக்கொள்ள மூன்று மாத வகுப்பும் தேவையில்லை, எழுத்தே தேவையில்லை. அடுத்த தரிப்பிடத்திலும் அதே படம். அதற்கடுத்ததிலும். பேர்ண் முழுக்கக் கிழித்து வைத்திருந்தார்கள். பவளக்கா வேலைக்குப் போகிற பஸ்ஸும் அந்தப் பாதைதான்.

ஆஸ்பத்திரிச் சமையலறை வாசலில் தங்கராசா அண்ணை என்னைக் கண்டு கை காட்டினார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். "பின்னேரம் வாறாவாம்! இறைச்சி வாங்கி வச்சிருக்கிறன்." நான் தலையை ஆட்டிவிட்டுத் துடைப்பங்கள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விளையாட்டாக ரோல்ஸ் தின்று ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டேனே என்று உண்மையாகவே அழுகை வந்தது.

வேலை முடிந்து அறைக்குப் போனால் மேசையில் ஒரு கடதாசித் துண்டு. 'சரோ அக்கா உடனே வரட்டாம். சாப்பாடு இல்லையாம்.'

போனேன். சோபாவில் அக்கா தங்கை இருவரும். கதவடியில் பவளக்காவின் பெட்டி. மேசையில் நேற்று நான் வாசித்த சஞ்சிகை.

"அக்கா பஸ்ஸிலை போகேக்கை அந்தக் கிழிஞ்ச படத்தைக் கண்டுபோட்டா. இதைக் கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மாட்டைக் கொண்டுபோய்க் காட்டினனான்" என்றார் சரோ அக்கா. அவர் குரலில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. "அவ கையாலை காட்டிக் காட்டி ஆறுதலாச் சொன்னவ. இது தொப்பியைப் பற்றின கட்டுரையாம். மழையிலை நனைஞ்சால் எப்பிடிக் காயவைக்கிறதெண்டு. எங்கையடாப்பா ரயில்? எங்கையடா தேத்தண்ணி?"

"எட்டு மாசம்!" என்றார் பவளக்கா. "எட்டு மாசமா எங்களுக்கு ரீல் விட்டிருக்கிறாய்!"

எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். ரோல்ஸ், கடுமையான டொய்ச், மாமியார், எல்லாம். கடைசியில், "ஆனா நேற்று வாசிச்சதை நானாச் செய்யேல்லை அக்கா. தங்கராசா அண்ணைதான் சேர்த்துவைக்கச் சொல்லிக் கேட்டவர்" என்றேன்.

பவளக்கா நிமிர்ந்தார். "ஆர்? இவரோ? வாய் திறந்தோ?"

"ஓம்."

"என்ன கேட்டவர்? சொல்லு. ஒரு சொல்லும் கூட்டக்கூடாது, சொல்லிப்போட்டன்."

சொன்னேன். சுவரோடு நின்றது, இரண்டு கோப்பை, ஆறு வருடம், ஐந்து நாள். எட்டு மாதத்தில் நான் ஒன்றும் சேர்க்காமல் சொன்ன முதல் செய்தி அது. சொல்லி முடித்தபின் சரோ அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவளக்கா மட்டும் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"அழுதவரோ?"

வாய்வரை வந்துவிட்டது. 'விம்மி விம்மி அக்கா' என்று சொன்னால் அலுவல் அந்த இடத்திலேயே முடிந்துவிடும் என்று எனக்குள் இருந்த பத்திரிகைக்காரன் குதித்தான்.

"இல்லை அக்கா. அழேல்லை."

பவளக்கா ஒரு பெருமூச்சு விட்டார். "அப்ப உண்மைதான். அந்த மனுசன் அழாது" என்று சொல்லிக்கொண்டு எழும்பிக் கோட்டைப் போட்டார். "எடு பெட்டியை."

பத்து நிமிட நடை, கணுக்கால்வரை பனி, பெட்டிக்குள் அம்மியைத்தான் வைத்திருந்தாரோ தெரியாது. தங்கராசா அண்ணை கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் மேசையில் இரண்டு கோப்பை தெரிந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் இரண்டு தரம் திறந்து மூடியது. நான் மனதுக்குள் எல்லாத் தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

"வாரும்" என்றார். பிறகு, பெரிய பாரம் ஒன்றைத் தூக்குகிறவர் போல, "வெளியிலை குளிர் என்ன?" என்றார்.

"ஓம், சரியான குளிர்" என்றார் பவளக்கா, அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு. நான் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு ஓடி வந்தேன். அப்பாடா என்று ஒரு சொல் இருக்கிறதே, அதன் முழு அர்த்தமும் எனக்கு அந்தப் பனிக்குள் வைத்துத்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு ஓஸ்டர்முண்டிகனில் என் வாயால் வந்த எந்தச் செய்தியையும் யாரும் நம்பவில்லை. எனக்குக் கல்யாணம் என்று சொன்னபோது பெண்ணின் படம் கேட்டார்கள், படத்தைக் காட்டியதும் பெண்ணையே கேட்டார்கள். மகள் பிறந்த அன்று சரோ அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "சந்தோசம் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்து விசாரித்திருக்கிறார். என் மனைவி இந்தக் கதையை வருகிற விருந்தாளிகள் எல்லோருக்கும் சொல்லுவாள். நான் பக்கத்தில் இருந்து திருத்தம் சொன்னால், "நீங்கள் பேசாமல் இருங்கோ, கூட்டிப்போடுவியள்" என்பாள்.

பவளக்கா மட்டும் இன்றைக்கும் மாதம் ஒருமுறை எனக்குத் தொலைபேசி எடுப்பார். பின்னால் தங்கராசா அண்ணையின் குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். பஸ் பிந்தியது, உருளைக்கிழங்கு பழுதாகியது, பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொல்லவில்லை, ஒன்றையும் விடமாட்டார்.

"கேக்குதோ தம்பி?" என்பார் பவளக்கா. "விடிய எழும்பினதிலையிருந்து இதுதான். நீதானே துவக்கிவிட்டனீ. ஒருக்கா வந்து நிப்பாட்டிவிடு."

வருகிறேன் அக்கா என்பேன். போவதே இல்லை.