பத்தொம்பது பால்ரஸ்

"இனிமே பச்சியப்பன் கடைப் படிய மிதிச்சா, இந்தக் காலு என் காலே இல்ல!"

பூபதி இப்படிச் சபதம் போட்டது ஒரு புதங்கெழம காலையில, அதியமான்கோட்டையில அவரு வூட்டு வாசல்ல. கேட்டவங்க ரெண்டே பேரு. ஒருத்தி பொண்டாட்டி மேனகா. இன்னொருத்தி பக்கத்து வூட்டு குள்ளம்மாள். குள்ளம்மாள் காதுல வுழுந்தா ஊரு காதுல வுழுந்த மாதிரி. அதனால சபதத்த வாபஸ் வாங்க வழியில்லாம போயிடுச்சு.

பூபதி ரேஷன் கடையில எடை போடறவரு. அரிசியோ சக்கரையோ, ஒரு கிராம் முன்னப்பின்ன போகாது. இருவது வருசமா போட்டுப் போட்டு, மனுசங்க குடுக்கற மரியாதையையும் எடை போட ஆரம்பிச்சுட்டாரு. அதுல பச்சியப்பன் குடுத்தது எடை கொறஞ்சு போச்சு.

பச்சியப்பன் வேற யாரும் இல்ல, பூபதியோட தங்கச்சி மலர்விழியோட புருசன். ஹைவேசுக்குப் போற வழியில சைக்கிள் கடை வச்சிருக்கான். அவன் மக காவியாவுக்கு வர்ற ஞாயித்துக்கெழம தீர்த்தமலையில மொட்டையடிச்சு காது குத்து. காது குத்தறப்ப கொழந்தைய மடியில வச்சுக்க வேண்டியது தாய்மாமன். அந்தத் தாய்மாமன் பூபதி.

தாய்மாமன எப்படிக் கூப்பிடணும்? புருசனும் பொண்டாட்டியுமா வூட்டுக்கு வரணும். தட்டுல வெத்தல பாக்கு பழம் வச்சு, மேல பத்திரிகைய வச்சு, ரெண்டு கையாலயும் நீட்டணும். பச்சியப்பன் என்ன பண்ணான்? காத்தடிக்க வந்த பூபதிகிட்ட, பங்க்சர் ஒட்டற பசை டப்பா மேல கெடந்த பத்திரிகைய எடுத்து, "மச்சான், ஞாயித்துக்கெழம வந்துடுங்க"ன்னு ஒத்தக் கையால நீட்டிட்டு, மறு கையால டியூப தண்ணித் தொட்டியில முக்கிட்டான். பத்திரிகையில இருந்த புள்ளையாரு வயித்து மேல கறுப்பா ஒரு கட்டவெரல் ரேகை.

"பச்சியப்பண்ணன் வெள்ளந்திங்க. வேல மும்முரத்துல குடுத்திருப்பாரு," மேனகா சொன்னா.

"வெள்ளந்தியா? கரண்டு ஆபீஸ்காரனுக்கு மட்டும் தட்டோட போய் வச்சிருக்கான்!"

"மலரு சொல்லிப் பாத்துட்டாளாம். 'கடையும் வூடும் எனக்கு ஒண்ணுதான், ஒருக்கா கூப்பிட்டா கூப்பிட்டதுதான்'ங்கறாராம்."

"அப்படியா? எனக்கு ஒண்ணில்ல. தட்டோட வூட்டுக்கு வந்தா போவேன். இல்லன்னா அவனே மடியில வச்சுக்கட்டும்."

"அப்பன் மடியில வச்சு காது குத்துனா ஊரு சிரிக்காதுங்களா?"

"நல்லா சிரிக்கட்டும்."

வாய்தான் சொல்லிச்சு. மனசு வேற. காவியா பொறந்ததுல இருந்து மாசம் ஒருக்கா அவள ரேஷன் கடைத் தராசுல உக்கார வச்சு எடை பாக்கறவரு அவரு. போன மாசம் எட்டு கிலோ நானூறு. சபதம் போட்ட அன்னைக்கு மத்தியானம் யாருக்கோ எட்டு கிலோ அரிசி போட்டப்ப, தராசுல நம்பர் எட்டத் தாண்டுனதும் கை அப்படியே நின்னுடுச்சு.

"என்னங்க, மிசினு ரிப்பேருங்களா?" அரிசி வாங்க வந்தவரு கேட்டாரு.

"மிசினுக்கு ஒண்ணுமில்ல," பூபதி சொன்னாரு.

வியாழக்கெழம காலையில மேனகா சைக்கிளத் தள்ளிக்கிட்டு வந்து வாசல்ல நிறுத்துனா. அவ தையல்காரி. ஜாக்கெட்டு தைச்சு வூடு வூடா கொண்டு போய்க் குடுக்க அந்தச் சைக்கிள்தான்.

"ஏங்க, மிதிச்சா கடக்கு கடக்குங்குது. அண்ணன் கடையில வுட்டுட்டு வரட்டுங்களா?"

"வேணாம்!"

"அப்ப நடந்தே போவட்டுங்களா?"

பூபதி யோசிச்சாரு. போன எடுத்தாரு. அரை மணி நேரம் பாத்தாரு. நிமுந்தப்ப ஆளே மாறியிருந்தாரு.

"மேனகா, வெளிநாட்டுக்காரன் சைக்கிள தலகீழா கவுக்கறதே இல்ல. ஒரு ஸ்டாண்டு. அதுல சைக்கிள அந்தரத்துல மாட்டி, நின்னுக்கிட்டே எல்லாத்தையும் பாக்கறான். நானே செய்யப் போறேன். இனிமே நம்ம வூட்டு சைக்கிள் எந்தக் கடைக்கும் போவாது."

மேனகா ஊசிய வாயிலிருந்து எடுத்தா. "அருமைங்க! உங்களத் தவுர யாருக்குங்க இந்த மூளை வரும்?"

இருவத்திமூணு வருசத்துல மேனகா அவர ரெண்டு தடவைதான் பாராட்டியிருக்கா. இது மூணாவது. அப்பவே உசாராயிருக்கணும். ஆவல.

தொப்பூர்ல தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட இருந்து ஒரு பழைய லாரி டயரு வந்துச்சு. அதுல சிமெண்டு கலவையக் கொட்டி, நடுவுல அடிபம்பு பைப்பு ஒண்ண நட்டாரு. பைப்பு உச்சியில வளைஞ்ச எல்போ, எல்போவுல குறுக்கா ஒரு சின்ன பைப்பு, அதோட முனையில ஆசாரிங்க பலகைய நெருக்கிப் புடிக்கற கிளாம்பு. சைக்கிள் பெயிண்டு போவக்கூடாதுன்னு கிளாம்புக்கு டியூப்பத் துண்டு போட்டு சுத்துனாரு. ரெண்டு நாளு சிமெண்டுக்குத் தண்ணி ஊத்துனாரு. காவியா நெனப்பு வர்றப்பல்லாம் இன்னொரு செம்பு ஊத்துனாரு. வெள்ளிக்கெழம சாயங்காலம் பாத்தா வாசல்ல ஒரு கொளமே நின்னுச்சு.

சனிக்கெழம காலையில சைக்கிள் அந்தரத்துல தொங்குச்சு. ஆடல, அசையல. பூபதிக்கு நெஞ்சு ஒரு சுத்து பெருத்துச்சு.

"கடக்கு கடக்குன்னா பெடல் அச்சோட ரெண்டு பக்கமும் இருக்கற பால்ரஸ் குண்டு தேஞ்சிருக்கும்," போன் சொன்னதைத் தானே சொல்ற மாதிரி சொன்னாரு. சுத்தியால தட்டி முளைய எடுத்தாரு. மூடியத் திருகுனாரு. அச்ச உருவுனாரு.

பொலபொலன்னு கொட்டுச்சு. நெஞ்சு ஒசரத்துல இருந்து வுழுந்த குண்டுங்க சிமெண்டுத் தரையில டங்கு டங்குன்னு குதிச்சு, தெசைக்கு ஒண்ணா ஓடுச்சு. சைக்கிள தரையில கவுத்து வச்சிருந்தா இவ்வளவு தூரம் சிதறியிருக்காது.

"இருங்க இருங்க, மிதிச்சு வழுக்கி வுழுந்துடாதீங்க! நான் பொறுக்கறேன்!" மேனகா முந்தானைய ஏந்திக்கிட்டு ஓடி வந்தா.

பொறுக்கி முடிச்சதும் பூபதி எண்ணுனாரு. பக்கத்துக்குப் பதினொண்ணு, மொத்தம் இருவத்திரண்டு இருக்கணும். பத்தொம்பதுதான் இருந்துச்சு. மறுபடியும் எண்ணுனாரு. அப்பவும் பத்தொம்பது.

"மூணு கொறையுது."

"ஐயோ, அந்தச் செவலக் கோழி இங்கதானுங்க கொத்திக்கிட்டு இருந்துச்சு!"

பூபதி கோழியப் பாத்தாரு. கோழியும் தலையச் சாய்ச்சு அவரப் பாத்துச்சு. அந்தப் பார்வையே சரியில்லன்னு அவருக்குப் பட்டுச்சு. பெரிய கூடையப் போட்டு ஒரே அமுக்கா கோழியக் கவுத்துட்டாரு.

"நாளைக்குள்ள வெளிய வந்துதான ஆவணும்?"

"கோழிங்களா, குண்டுங்களா?"

"குண்டு!"

மேனகா போன எடுத்தா.

"யாருக்கு? அவன்கிட்ட மட்டும் கேட்டுடாத!"

"அண்ணன்கிட்ட ஏனுங்க கேக்கறேன்? மலருகிட்ட சும்மா பேசறேன்." தெருவுக்கே கேக்கற மாதிரி ஆரம்பிச்சா. "ஆமா மலரு, உங்கண்ணன் ஸ்டாண்டே செஞ்சுட்டாரு. அந்தரத்துல மாட்டற ஸ்டாண்டு! நின்னுக்கிட்டே ரிப்பேரு பாக்கலாம். அண்ணன் கடையில இன்னும் கவுத்துப் போட்டுதான பாக்கறாரு? குள்ளம்மாக்கா வூட்டு சைக்கிளையும் இனிமே இங்கியே பாத்துக்கறோம்ங்கறாங்க. என்னது, மூணு பால்ரஸ்தான் கொறையுது. அது கெடக்கட்டும்."

பூபதிக்கு அதக் கேக்கக் கேக்க இனிச்சுது. கடேசி வரிய மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுச்சு.

கால் மணி நேரத்துல டிவிஎஸ் வண்டி சத்தம். பச்சியப்பன் இறங்குனான், கையில ஸ்பேனர் பை. பின்னால மலர்விழி, இடுப்புல காவியா, தோள்ல ஒரு பை. பச்சியப்பன் கேட்டுக்கு வெளியவே நின்னான்.

"நான் வூட்டுக்கு வரலைங்க மச்சான். ஸ்டாண்டத்தான் பாக்க வந்தேன்."

"பாரு மாப்ள. பாக்கறதுக்கு யாரு வேணாங்கறது?"

அவன் மூணு சுத்து சுத்தி வந்தான். பைப்பப் புடிச்சு ஆட்டுனான். டயர ஒதைச்சான்.

"ஆட்டம் இல்ல."

"எப்படி இருக்கும்?"

"கிளாம்புக்கு டியூப்பு சுத்துனது யாரு யோசனைங்க?"

"நானேதான்."

"ஒசரம்?"

"அதுவும் நானேதான்."

"அதான் பால்ரஸ் ஓடிருச்சு. கழட்டறப்ப அடியில ஒரு துணிய விரிக்கணும் மச்சான்."

பூபதி கோழிக் கூடையப் பாத்தாரு.

"மூணு மட்டும் புதுசு போடக்கூடாதுங்க. போட்டா மொத்தமா போடணும். கொண்டாந்திருக்கேன்." பச்சியப்பன் சட்டப் பையிலிருந்து ஒரு பொட்டலத்த எடுத்தான். "தங்கச்சி, கொட்டி வைக்க ஒரு தட்டு குடும்மா."

கேட்டு வாய மூடல, மேனகா பெரிய தாம்பாளத்தோட வந்து நின்னா. அதுல ஏற்கெனவே வெத்தல, பாக்கு, ரெண்டு பழம்.

"சாமிக்கு எடுத்து வச்சதுண்ணா. ஓரமாத்தான் இருக்கு, நீங்க நடுவுல கொட்டுங்க."

அவன் கொட்டுனான். தட்டு லேசா சாஞ்சாலும் குண்டுங்க உருளும், அதனால ரெண்டு கையாலயும் புடிச்சு பூபதி முன்னால நீட்டுனான். "எண்ணிக்கங்க மச்சான், இருவத்திரண்டு."

மலர்விழி பக்கத்துல வந்து நின்னா. தோள்பையிலிருந்து கைரேகை படாத ஒரு புதுப் பத்திரிகைய எடுத்து பழத்து மேல வச்சா.

பூபதி பாத்தாரு. வூட்டு வாசல். புருசனும் பொண்டாட்டியும். தட்டு, வெத்தல, பாக்கு, பழம், பத்திரிகை, ரெண்டு கை. எடை சரியா இருந்துச்சு. பாக்கப் போனா இருவத்திரண்டு பால்ரஸ் அதிகம்.

தான் என்ன பண்ணிக்கிட்டு இருக்கோம்னு பச்சியப்பனுக்கும் அப்பதான் ஒறைச்சுது. அவன் காது செவந்துச்சு. தட்டக் கீழ வைக்கவும் முடியல, புடிச்சுக்கிட்டே நிக்கவும் முடியல.

"மச்சான்... அன்னைக்கு கடையில... கையெல்லாம் கிரீஸு..."

"வாங்கிக்கண்ணா, அவருக்குக் கை வலிக்குது," மலர்விழி சொன்னா.

"மாம்மா!" காவியா இடுப்புல இருந்தே தாவுனா.

பூபதி தட்ட வாங்கிட்டாரு.

"தட்ட வாங்கிட்டாருடீ!" சுவத்துக்கு அந்தப் பக்கம் குள்ளம்மாள் குரலு. அவ்வளவுதான், ஊருக்கும் தெரிஞ்சு போச்சு. நாலு நாளா நெஞ்சு மேல ஏறி உக்காந்திருந்த அம்பது கிலோ மூட்டைய யாரோ எறக்கி வச்ச மாதிரி இருந்துச்சு பூபதிக்கு. காவியாவ வாங்கித் தூக்கிப் பாத்தாரு. "எட்டு கிலோ எழுநூறு இருக்கும்"னாரு.

மாப்ளையும் மச்சானும் சேந்து அரை மணி நேரத்துல சைக்கிள மாட்டி முடிச்சாங்க. கெளம்பறப்ப பச்சியப்பன் தலையச் சொறிஞ்சான். "கடைக்கும் ஒரு ஸ்டாண்டு செஞ்சு குடுங்க மச்சான்."

"பாக்கலாம் மாப்ள," பூபதி சொன்னாரு. மனசுக்குள்ள டயருக்கு ஆர்டரே குடுத்துட்டாரு.

ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் மேனகா பீரோவத் தொறந்து தாய்மாமன் சீர வெளிய எடுத்தா. காவியாவுக்குப் பட்டுப் பாவாட சட்ட, தைச்சு மடிச்சு வச்சது. பூபதிக்கு இஸ்திரி போட்ட வேட்டி.

"இதெல்லாம் எப்ப தைச்ச?"

"பத்து நாளு ஆவுதுங்க."

"சபதம் போட்டே அஞ்சு நாளுதான ஆவுது?"

"ஆமாங்க. சட்டையப் போடுங்க, வேன் வந்துரும்."

தீர்த்தமலையில மொட்டத் தலையில சந்தனத்தோட காவியா மாமன் மடியில உக்காந்தா. ஆசாரி ஊசிய எடுத்ததும் மலையே அதிர்ற மாதிரி ஒரு கத்து. மேனகா மடியிலிருந்து ஒரு குங்கும டப்பாவ எடுத்து, கொழந்த மொகத்துக்கு முன்னால ஆட்டுனா. கிலுகிலுகிலு. காவியா அழுகைய நிறுத்திட்டு ஆன்னு பாத்தா. அந்தக் கேப்புல ரெண்டு காதுலயும் தோடு ஏறிடுச்சு.

குங்குமம் எங்கயாவது சத்தம் போடுமா? பூபதி கைய நீட்டி டப்பாவ வாங்கினாரு. மூடியத் தொறந்தாரு. உள்ள மூணு பால்ரஸ், எண்ண போட்டுத் தொடச்ச மாதிரி பளபளன்னு.

அவரு மெதுவா நிமுந்து பொண்டாட்டியப் பாத்தாரு. அவ கொழந்தையோட தோட்டச் சரி பண்ணிக்கிட்டு இருந்தா.

"அடியே... அந்தக் கோழி நேத்துல இருந்து கூடைக்குள்ள..."

"அத நேத்து நீங்க தட்ட வாங்குனதுமே தொறந்து வுட்டுட்டேங்க."