மாப்பிள்ளை அசல்தான், சம்பந்தி

செவ்வாப்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சுப்பராயன் அவர்களுக்கு (அந்த உறவு இன்னும் அறுந்துவிடவில்லை என்ற நம்பிக்கையில் அப்படியே விளிக்கிறேன்), ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் குப்புராஜ் பணிவுடன் எழுதுவது.

இங்கே நானும், என் மனைவி லட்சுமியம்மாளும், எங்கள் ஒரே மகன் அன்புராஜும் நலம். 'ஒரே' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், கவனிக்கவும். அங்கே ஆர்.கே.பேட்டையில் தாங்களும், சம்பந்தியம்மாவும், எங்கள் வருங்கால மருமகள் ஜோதிலட்சுமியும், நடவு முடிந்த வயலும் நலமாக இருக்க வேண்டும்.

நேற்று நீங்கள் போனில், "அசல் எது, நகல் எதுன்னு தெரியாம தட்டு மாத்த முடியாது சார். பொண்ண யார் கையில புடிச்சிக் குடுக்கறோம்னு எங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். கேள்வியைவிட, இத்தனை நாள் 'சம்பந்தி' என்று கூப்பிட்ட வாய் 'சார்' என்று மாறியதுதான் என்னை இந்தக் கடிதம் எழுத உட்காரவைத்தது. ஆவணியில் நிச்சயம் என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. லட்சுமியம்மாள் சீர்த்தட்டுகளைத் துலக்கி வெயிலில் காயவைத்து, மறுபடி எடுத்துத் துலக்கிக்கொண்டிருக்கிறாள். அன்புராஜ் சரியாகச் சாப்பிடுவதில்லை. நகலாக இருந்தால் இவனுக்கு ஏன் இந்தக் கவலை என்று அவள் கேட்கிறாள். அது அறிவியல் ஆகாது என்றாலும் எனக்கு நியாயமாகப் படுகிறது.

தவறு எங்கே தொடங்கியது என்று முதலிலிருந்து பார்த்துவிடுவோம். பாடத்தையும் அப்படித்தான் நடத்த வேண்டும். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி, அவருக்குத் தெரியாமல் வேலை செய்யும் இடத்துக்கே போய் விசாரிப்பது நல்ல வழக்கம். நானும் என் அக்கா மகளுக்காக ஒரு டீக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்து விசாரித்தவன்தான். ஆகவே உங்கள் மைத்துனர் தேசப்பன் தேர்வாய் கண்டிகைக்குப் போய் அன்புராஜின் கம்பெனி வாசலில் நின்றதில் எனக்கு வருத்தமே கிடையாது. அந்தக் கம்பெனியில் செய்வது திசு வளர்ப்பு வாழைக்கன்று. நல்ல வாழை ஒன்றின் குருத்தில் கடுகளவு வெட்டி, கண்ணாடிப் புட்டியில் வளர்த்து, தாயைப் போலவே இருக்கும் ஆயிரக்கணக்கான கன்றுகளை எடுக்கிறார்கள். கிருமி படக்கூடாது என்பதால் உள்ளே எல்லாருக்கும் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, முகக்கவசம். கண் மட்டும்தான் வெளியே தெரியும். இது எதுவும் தெரியாத தேசப்பன் வாசல் காவலரிடம், "இங்க இன்னா செய்றாங்கோ நைனா?" என்று கேட்டிருக்கிறார். அவர், "ஒண்ணுலர்ந்து ஆயிரம் எடுக்கறாங்க. அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கும். குளோனுன்னு பேரு" என்றாராம். வாழை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. தினமும் பார்ப்பவருக்கு அதைச் சொல்லத் தோன்றாது. "அன்புராஜ்னு ஒருத்தரு?" என்றதற்கு, "உள்ள போய்ட்டா எல்லாம் ஒண்ணுதான். எனக்கே எது யாருன்னு தெரியாது" என்று பதில்.

நம்முடைய கெட்ட நேரம், அன்றைக்குக் கம்பெனியில் தீ விபத்து ஒத்திகை. மணி அடித்ததும் உள்ளே இருந்த அத்தனை பேரும் கோட்டும் தொப்பியும் கவசமுமாக ஓடிவந்து மைதானத்தில் வரிசையாக நின்றார்கள். தேசப்பன் கம்பி வேலிக்கு வெளியே நின்று, "மாப்ளே" என்று கூப்பிட்டார். வரிசை மொத்தமும் திரும்பிக் கை ஆட்டியது. அந்த வயதுப் பையன்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவருக்கு யார் சொல்வது? வேலியைப் பிடித்தபடியே அவர் எனக்குப் போன் செய்து, "சார், உங்களுக்குப் புள்ளைங்க மொத்தம் எத்தினி?" என்று கேட்டார். ஒன்று என்றேன். "இங்க ஒரு பஸ்ஸு நெறைய கீதே" என்றார்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆயுள் முழுக்கச் சந்தேகம் தீர்த்துப் பழகியவன். கம்பெனியிலிருந்து இரண்டு வாழைக்கன்று வாங்கிக்கொண்டு நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். கன்றுகளை வைத்தே விளக்கியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கு ஒரு பழக்கம், தெரிந்ததைக் காட்டித் தெரியாததைச் சொல்வது. "உதாரணத்துக்கு நம் அன்புராஜை எடுத்துக்கொள்வோம். அவன் தோலில் லேசாகச் சுரண்டி ஒரு செல்லை எடுத்து" என்று ஆரம்பித்ததும் உங்கள் தங்கை காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். சம்பந்தியம்மா, "அப்போ ஜாதகம் பாத்தது பொறந்த நேரத்துக்கா, சொரண்டுன நேரத்துக்கா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் கைதட்டச் சொல்லியிருப்பேன். அன்றும் பழக்கதோஷத்தில் "நல்ல கேள்வி" என்று சொல்லித் தொலைத்தேன். தேசப்பன், "ஆளை இப்டி செய்ய முடியுமா, முடியாதா, அத்த மட்டும் சொல்லுங்க" என்றார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே தட்டு மாற்றியிருக்கலாம். நானோ, வெளிநாட்டில் ஓர் ஆட்டை அப்படி உண்டாக்கினார்கள், மனிதரை உண்டாக்கியதாக நிரூபணம் இல்லை, சட்டமும் மனசாட்சியும் இடம் தராது, வருங்காலத்தில் என்ன ஆகும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று ஐந்து மதிப்பெண் விடையாக எழுதிக் காட்டினேன். "ஆட்ட செஞ்சவனுக்கு ஆள செய்ய எவ்ளோ நேரம் ஆவும்?" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

அந்தப் பேச்சு நான் செவ்வாப்பேட்டையில் ரயிலிலிருந்து இறங்குவதற்குள் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்கு ஆட்களை அனுப்பும் காண்டிராக்டர் சரவணகுமார் நடைமேடையிலேயே காத்திருந்தார். "சார், நம்ம அன்பு மாதிரி ஒரு பத்து பேரு நைட்டு ஷிப்டுக்கு வேணும். ஒரே ஆளுதானே, ஒரு பி.எப். கட்டுனா போதும் இல்ல? மூஞ்சியப் பாத்து வருகை போடற மெஷினும் ஒண்ணும் சொல்லாது" என்றார். பத்துப் பேருக்கும் தனித்தனியாகப் பசிக்குமே என்றேன். "கேண்டீன் டோக்கன்ல ஆளுக்கு ஒரு வாய் துன்னட்டும் சார்" என்றார். மனித குலத்தின் வருங்காலத்தைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் வருகின்றன, சம்பந்தி. அவற்றை எழுதுபவர்கள் ஒருமுறை கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்து இந்த மாதிரி ஆட்களிடம் பேசிப் பார்க்கலாம். வீட்டு வாசலில் எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு நின்றிருந்தாள். உன் வீட்டுக்காரருக்கும் நகல் வேண்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "இன்னொண்ணா? இருக்கறதே பெரிய பேஜாரு. இத்தையே எடுத்துகினு போயி, கொஞ்சம் சரி பண்ணி குடுப்பாங்களா சார்?" என்று கேட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இனி அன்புராஜை உதாரணமாக எடுக்கமாட்டேன், பயப்பட வேண்டாம். என்னையே எடுத்துக்கொள்கிறேன். இன்று யாராவது என்னை நகலெடுத்தால், அது வழுக்கையும் மூக்குக்கண்ணாடியுமாகக் கதவைத் திறந்துகொண்டு வராது. ஒரு தாய் வயிற்றில் பத்து மாதம் இருந்து, குழந்தையாகப் பிறந்து, தவழ்ந்து, அம்மை போட்டு, ஒன்றாம் வகுப்பில் அழுதுதான் மேலே வர வேண்டும். ஆக, அன்புராஜுக்கு நகல் இருந்தால் நிச்சயத்தன்று அது பாயில் கிடந்து பாலுக்கு அழும். மைதானத்தில் மீசையோடு கை ஆட்டாது. இன்னொன்றும் சொல்கிறேன். நான் கொண்டுவந்த இரண்டு வாழைக்கன்றும் ஒரே தாயின் நகல். ஒன்றை உங்கள் கிணற்றடியில் வைத்தீர்கள். அது புது இலை விட்டிருப்பதாக அன்புராஜ் சொன்னான். அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. இன்னொன்றை என் வீட்டுக்குப் பின்னால் வைத்தேன். சின்னப்பொண்ணுவின் ஆடு தின்றுவிட்டது. ஒரே குருத்துதான், ஆனால் அதன் வாழ்க்கையும் இதன் வாழ்க்கையும் ஒன்றா?

இதிலும் திருப்தி இல்லையென்றால் மறுக்க முடியாத ஓர் அத்தாட்சி இருக்கிறது. அன்புராஜ் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ரயில்வே கேட் அருகே சைக்கிளோடு ஜல்லியில் விழுந்தான். இடது முழங்காலில் தையல். நான்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். என் சட்டையெல்லாம் ரத்தம். பிறை நிலா மாதிரி ஒரு தழும்பு. செல்லைச் சுரண்டி வளர்த்தால் அப்பனுடைய மூக்கு வரும், தாத்தாவின் கோபம்கூட வரலாம். தழும்பு வராது. அது விழுந்தவனுக்கு மட்டுமே சொந்தம். நிச்சயத்தன்று தேசப்பன் அவர்களே, சபை நடுவே, மாப்பிள்ளையின் வேட்டியை முழங்கால் வரை தூக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். தழும்பு இருந்தால் தட்டு மாற்றுவோம். இல்லையென்றால் எங்கள் தட்டுகளை நாங்களே தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறுகிறோம். இது ஓர் ஆசிரியர் கொடுக்கும் வாக்கு.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி, தேசப்பன் அவர்களுக்கு இரண்டும்.

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
குப்புராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இதை லட்சுமியம்மாளிடம் படித்துக் காட்டினேன். "அன்புக்கு ஏது தழும்பு? கேட்டாண்ட விழுந்தது பக்கத்து ஊட்டு பென்னி. நீங்க அவனத் தூக்கினு ஓடுனீங்க. அன்பு சைக்கிளத் தள்ளிகினு பின்னாடி வந்தான்" என்றாள். அன்புராஜைக் கூப்பிட்டு இரண்டு முழங்காலையும் பார்த்தேன். இன்றுதான் புட்டியிலிருந்து எடுத்த மாதிரி வழவழவென்று இருக்கின்றன. எனவே தழும்பு பற்றிய பகுதியையும், அதன் கீழே நான் கொடுத்த வாக்கையும் அடித்துவிட்டுப் படிக்கவும். உண்மையைச் சொன்னால், சற்று நேரம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அப்போது அவன் போன் அடித்தது. நான் எடுத்தேன். பேசியது உங்கள் மகள். விவரத்தைச் சொன்னேன். "தழும்பு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா மாமா? டெய்லி சாயங்காலம் போன் பண்ணி சாப்ட்டியான்னு என்னைக் கேக்கறது எதுவோ, அத்த அனுப்பி வைங்க. மிச்சத்த நீங்களே வெச்சிக்கோங்க" என்றாள். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.