யானைமயிர் மோதிரமும் என் உத்தியோகமும்

வேலையில்லாதவனுக்கு உறவினர்கள் எல்லாவற்றையும் கொடுப்பார்கள், வேலையைத் தவிர. வெள்ளைக்காரன் காலத்தில், வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சோற்றில் நான் கொழுத்துக்கொண்டிருந்தபோது, காட்டு யானைகளைக் காக்கும் அரசாங்கக் கந்தோர் ஒன்றிலிருந்து கிளாக்கர் வேலைக்கு நேர்முகப் பரீட்சை அழைப்பு வந்தது. யானைகளைச் சுட்டுத் தீர்த்துக்கொண்டிருந்த காலம். மிஞ்சியவற்றுக்காகக் காடுகளைச் சரணாலயமாக்கிக் காவல் போட்டிருந்தார்கள். (தெஹிவளை மிருகக்காட்சிசாலை யானைக்கு வாழைப்பழம் கொடுத்ததுதான் என் அனுபவம்.)

அத்தானுக்குக் கொட்டாஞ்சேனையில் மோதிரம், மாலை விற்கும் சின்னக் கடை. புறப்படும்போது என் விரலில் கறுப்பு மோதிரம் ஒன்றை மாட்டினார்.

“ஆனைவால் மயிர், தம்பி. இதைப் போட்டவனுக்கு ஒருத்தனும் இல்லையெண்டு சொல்லமாட்டான்.”

போகிற இடம் எதுவென்று இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. அக்கா வேறு, “தம்பி தனியப் பயப்படுவான், நீங்களும் போங்கோ” என்று அவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். (மீசை வைத்த ஆள் நான்!)

கந்தோரின் வெள்ளைக்காரத் துரை வன்னிக் காடுகளில் வருஷக்கணக்காகக் கிடந்தவர், தமிழ் தெரியும். என் கையைக் குலுக்கியவர் விடவில்லை.

“இந்த மோதிரம் என்ன?”

அப்போதுதான் உறைத்தது.

“போலி, சேர்! குதிரை மயிர்! கொட்டாஞ்சேனையிலை ஏமாத்தி வித்துப்போட்டாங்கள்!”

அரைக்கதவு படாரென்று திறந்தது. வெளி விறாந்தையில் காத்திருந்த அத்தான் உள்ளே நின்றார்.

“ஆரடா போலி விக்கிறவன்? சேர், நெருப்பிலை காட்டிப் பாருங்கோ! உங்கடை காவல் காட்டுக்குள்ளையே சுட்ட ஆனை. சுட்டவன்ரை வீட்டு முத்தத்திலை நிண்டு வாங்கினனான்!”

“அத்தான், வாயை மூடுங்கோ…”

“நீ சும்மா இரு! கடை மானம் போகுது!”

துரை மிக அன்பாகக் கதிரையை இழுத்துப் போட்டார். சரக்கு அசல் என்று நிரூபிக்கும் வேகத்தில், சுட்டவன் பெயர், துவக்கு ஒளிக்கிற இடம், தந்தம் ஏற்றுகிற லொறி எல்லாவற்றையும் அத்தான் கொட்டித் தீர்த்தார். அத்தானைப் பிடித்து உள்ளே போட்டால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

துரை என்னைப் பார்த்தார். “உமக்கு யானை தெரியாது. இவருக்கு யானையும் தெரியும், சுடுகிறவனும் தெரியும்.”

அத்தானுக்குக் காக்கி உடுப்பும் வன்னிக் காட்டில் காவல் உத்தியோகமும் கிடைத்தன. அவர் வருகிறார் என்றாலே களவாய்ச் சுடுகிறவர்கள் துவக்கைக் கிணற்றில் போட்டார்களாம். கொட்டாஞ்சேனைக் கடையில் குந்த ஆள் வேண்டுமே? நான் குந்தினேன். இன்னும் எழும்பவில்லை.

லீவில் வந்தால், மனுஷன் சப்பாத்தைக் கழற்றாமலே என் கடை மேசை லாச்சிகளை இழுத்து, யானைமயிர் இருக்கிறதா என்று சோதனை போடுவார். அக்கா பின்னால் நின்று சிரிப்பாள்:

“ஓடு தம்பி! உன்ரை வேலையைக் கொண்டுபோனவர் வந்திட்டார். இனிக் கடையையும் கொண்டுபோகப் போறார்!”