அரக்கி இல்லாத கதை

"டீச்சர், எங்கம்மாவும் காட்டுக்குத்தான் போயிருக்குது. அரக்கி அங்கதான இருக்குது?"

மத்தியானக் கதையின் நடுவில் ஒரு பிள்ளை கேட்டது. எல்லாப் பிள்ளைகளும் அழுதன. காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த தாய்மார்கள் கூடையைப் போட்டுவிட்டு எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடிவந்தார்கள். 1981ஆம் ஆண்டின் பழப் பருவம் அது.

பின்னாலேயே எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் குழந்தைவேல் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், புள்ளைங்கள மத்தியானம் தூங்க வெக்கத்தானுங்க உங்களுக்கு வேலை குடுத்திருக்குது? சனிக்கிழமை மேனேஜர் தொரை வாராருங்க. அன்னைக்கும் இப்படின்னா, நாகலூர்ல பஸ் ஏறி ஊருக்கே போயிக்கலாமுங்க."

அற்புதம் டீச்சர் வேலைக்குப் புதியவர். அவருக்குத் தெரிந்த கதையோ ஒன்றுதான்: மாற்றாந்தாயின் பேச்சைக் கேட்டு, விறகுவெட்டி தன் மகளைக் காட்டில் விட்டுவருகிறான், அரக்கி அவளைக் கொழுக்கவைத்துத் தின்னப் பார்க்கிறாள்.

மறுநாள் கதையிலிருந்து காட்டை நீக்கினார். அரக்கி ஊருக்குள் குடிவந்தாள்.

"நம்ம லைன் ஊடுகள்லயா டீச்சர்? எந்த ஊடு?"

அழுகை இரட்டித்தது.

அரக்கியை நீக்கினார். அவள் பார்த்த வேலையை மாற்றாந்தாய் பார்க்க நேர்ந்தது. மாலையில், இரண்டாந்தாரமாக வந்த கண்ணாயி கண்கலங்கி நின்றாள்.

"ஏனுங்க, இன்னொரு கை சோறு வெச்சா, 'என்னையக் கொழுக்க வெக்கிறயா'ன்னு மூத்தா புள்ள கேக்குதுங்க. நான் என்னங்க பாவம் பண்ணுனேன்?"

அற்புதம் மனம் வருந்தி, மாற்றாந்தாயையும் நீக்கினார். தின்னும் பொறுப்பு விறகுவெட்டியிடம் வந்தது. அடுத்த நாள் கண்ணாயியின் கணவன் செல்லப்பனே வந்தான்.

"அரிவாள எடுத்தாலே எம்பட மவ கதவுக்குப் பின்னால ஒளியுறாளுங்க. வெறகு வேண்டாமுங்களா ஊட்டுக்கு?"

விறகுவெட்டியும் போனான். கதையில் மிஞ்சிய ஊராரால் என்ன வம்பு வருமோ என்று, அவர்களையும் முன்கூட்டியே நீக்கினார்.

சனிக்கிழமை. மேனேஜர் வாசலில் நின்றார். அற்புதம் தொடங்கினார்.

"ஒரு ஊர்ல ஒரே ஒரு பொண்ணு இருந்தா. வயிறு நெறையச் சாப்பிட்டா. நல்லாத் தூங்குனா."

ஒரு பிள்ளையும் அழவில்லை. மேனேஜர் தலையசைத்தார்.

"இதுதானுங்க கதை!" என்றார் ரைட்டர். "பயப்பட ஏதாச்சும் இருக்குதுங்களா, பாருங்க!"

பாயில் படுத்திருந்த சிறுமி அமுதா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"டீச்சர், அந்த ஊர்ல மத்தவங்க எல்லாரையும் அவதான் தின்னாளா?"