கழுத்துப் பட்டையும் பதினோரு பெட்டியும்

ஐம்பத்திரண்டு வயதில் உடம்பைத் தேற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கழுத்தை நீட்டினேன்.

லேக் கார்டன்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஜிம். பயிற்சி கொடுப்பவள் ஸ்மிதா என்ற வங்காளிப் பெண். என் மகள் வயதிருக்கும். முதல் நாளே என்னைச் சித்தப்பாவாக்கிக்கொண்டு சொன்னாள்: "காக்கு, பார்வை நேரா இருக்கணும். கழுத்தும் முதுகெலும்பும் ஒரே கோடு. தோளைக் காதுகிட்ட கொண்டுபோகாதீங்க."

சொன்னது என்னவோ வங்காளியில்தான். எனக்கு வலித்தது தமிழில். ஏனென்றால் நான் கேட்கவில்லை. கம்பியைத் தலைக்கு மேல் தூக்கும்போது, பக்கத்துக் கண்ணாடியில் என் புஜம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். புஜம் தெரியவில்லை. கண்ணில் பூச்சிதான் பறந்தது. கழுத்து பிடித்துக்கொண்டது.

டாக்டர் கழுத்துப் பட்டை போட்டு, "மூணு நாள் கனம் தூக்காதீங்க" என்றார். நான் வீடு வந்து சேர்வதற்குள் அது மூன்று வாரமாகிவிட்டது. வழியில் நான்தான் வளர்த்தேன்.

என் அலுப்பை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அலிப்பூரில் அரசாங்க அலுவலகம். முப்பது வருஷமாக ஃபைல் தூக்குகிறேன். வீட்டுக்கு வந்தால் அரிசி மூட்டை, தண்ணீர் கேன், காஸ் சிலிண்டர். குடியிருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது, நான்தான் லிஃப்ட்.

வலி நான்காம் நாளே என்னை விட்டுவிட்டது. பட்டையை நான் விடவில்லை.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துர்கா பூஜைக்கு மச்சினி வத்சலா குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவர்கள் தங்கும் அறையில் அடைந்துகிடந்த பெட்டிகளெல்லாம் பரணுக்கு ஏறியாக வேண்டும்.

"ஏன்னா, கழுத்து எப்படி இருக்கு?" என்றாள் என் மனைவி வித்யாலக்ஷ்மி.

"இருக்கு."

"வலி?"

"அதுவும் இருக்கு."

"அப்போ நீங்க உக்காருங்கோ. நானே ஏத்திக்கறேன்."

இருபத்தாறு வருஷத்தில் அவள் சண்டையில்லாமல் விட்டுக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை.

முதல் பெட்டியைப் பிடித்தாள். முதுகு வில்லாய் வளைந்தது. தலை பின்னால் சாய்ந்தது. தோளிரண்டும் காதில் இடித்தன. முக்கினாள், முனகினாள்.

"ஐயோ, அண்ணாந்து பாக்காதே! கழுத்து போயிடும்!"

"பின்னே எங்கே பாக்கறது?"

"நேரா! மோவாயை லேசா உள்ளே இழு. தோளை இறக்கு. முதுகை வளைக்காம முட்டியை மடக்கு."

"இப்படியா?"

"அது இடுப்புடீ!"

"நேக்குப் புரியலையே. ஒரே ஒரு தடவை காமிங்கோளேன்."

எழுந்தேன். பட்டை இடைஞ்சலாக இருந்தது, கழற்றி எறிந்தேன். முட்டியை மடக்கி, பெட்டியை மார்போடு அணைத்து, மூச்சை விட்டபடி நிமிர்ந்து, பரணில் தள்ளினேன்.

"அடேயப்பா! மூச்சை எப்போ விட்டேள்? கவனிக்கலையே."

இன்னொரு பெட்டி.

"கண் எங்கே பாத்துண்டு இருந்தது?"

இன்னொன்று.

"பித்தளைப் பாத்திரம் இருக்கற பெட்டின்னாலும் இதே மாதிரிதானா?"

"சந்தேகமென்ன? பார்!"

பதினோராவது பெட்டி ஏறிய பிறகுதான் அறை காலியாக இருப்பது கண்ணில் பட்டது. அவள் கழுத்துப் பட்டையைத் தரையிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதைத் துவைச்சு உள்ளே வெச்சுடறேன். இனிமே வேண்டாமோன்னோ?"

சோபாவில் விழுந்தேன். கழுத்து வலிக்கவில்லை. மற்றதெல்லாம் வலித்தது. ஆனாலும் ஒரு ஆறுதல். பாவம், அவளுக்குப் பெட்டியைப் பிடிக்கக்கூடத் தெரியவில்லை. இந்த வீட்டில் எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாத விஷயம் ஒன்றாவது இருக்கிறதே!

அந்த ஆறுதலோடு சாயங்காலம் கறிகாய் வாங்கப் போனேன். எதிரே ஸ்மிதா.

"காக்கு, உங்க வீட்டுக் காக்கிமா ஏன் முந்தாநாள் வரலை?"

"எங்கே?"

"ஜிம்முக்குத்தான்! ஆறு மாசமா மத்தியான வகுப்புக்கு வராங்களே, உங்களுக்குத் தெரியாதா? புதுசா சேர்றவங்களுக்கு, எப்படியெல்லாம் தூக்கக்கூடாதுன்னு நடிச்சுக் காட்டறதே அவங்கதான்!"