கிளியம்மாளை உருவாக்கப் பயன்பட்ட கருவிகள்

சேலையூர்,
12 ஏப்ரல் 2007, வியாழன் மாலை

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் திரு. ஷாகுல் ஹமீது அவர்களுக்கு,

“முதன்முதலாக ஒரு சாட்பாட் செய்து பார்க்க நினைக்கும் வாசகர் எந்தக் கருவியில் தொடங்கினால் நல்லது?” என்று போன வாரக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தையே ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருப்பவள் இப்படிச் சொன்னால் தங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். நலம் விசாரிப்பதை முதல் வரியில் செய்திருக்க வேண்டும், தவறிவிட்டது. தாங்களும் அச்சகத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே கேம்ப் ரோட்டில் தோண்டிய பள்ளம் உட்பட எல்லாம் அப்படியே இருக்கிறது.

கடிதத்தின் நோக்கம் இதுதான்: ‘உரையாடும் நிரல்கள்: ஓர் எளிய அறிமுகம்’ என்ற என் புத்தகத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். அதுவும் முடியாதென்றால் அட்டையிலிருந்து ரோஹிணி என்ற பெயரையாவது எடுத்துவிடுங்கள். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சுருக்கமாக வராது போலிருக்கிறது.

முதல் மூன்று அத்தியாயங்களைத் தாங்கள் படித்துவிட்டீர்கள். அவற்றில் உள்ள ஞானம் ஒரு தபால் அட்டையில் அடங்கும். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேடைத் திறக்க வேண்டும். ஏஐஎம்எல் என்ற குறிமொழியில், வரக்கூடிய கேள்வி ஒன்று, அதற்குத் தர வேண்டிய விடை ஒன்று என ஜோடி ஜோடியாக எழுத வேண்டும். எழுதியதைப் படித்து இயக்கும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும், அல்லது அதைத் தன் செலவிலேயே இயக்கித்தரும் வெளிநாட்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். எந்த ஜோடியிலும் அடங்காத கேள்வி வந்தால் சொல்வதற்கென்று ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அதற்கு நேரே மழுப்பலாக ஒரு விடை எழுதிவைக்க வேண்டும். அவ்வளவுதான். இயந்திரம் யோசிப்பதில்லை, நீங்கள் எழுதிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறது. சொன்னதையே சொல்வதால் என் மாதிரி நிரலுக்குக் கிளியம்மாள் என்று பெயர் வைத்தேன். நான் செய்த ஒரே நகைச்சுவை அது; அதற்கான தண்டனையைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

நான்காம் அத்தியாயத்துக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. என் கல்லூரியையே எடுத்துக்கொண்டேன். தாம்பரத்திலிருந்து தெற்கே போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஐந்து கல்லூரி வளைவுகள் வரும். அவற்றில் பெயிண்ட் மிகப் புதிதாக இருப்பது எங்களுடையது. தாளாளர் துரை முன்பு செங்கல் சூளை வைத்திருந்தவர். மிஞ்சிய செங்கல்லில் கல்லூரி கட்டினார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு, செங்கல் மிஞ்சவில்லை என்பது எங்கள் மாடிப்படியில் ஏறினால் தெரியும். எம்.சி.ஏ. துறையில் விரிவுரையாளர்கள் ஏழு பேர், நான் மூத்தவள். இன்னும் அறுபது மாணவர்களைச் சேர்க்க அனுமதி வேண்டுமென்றால் பன்னிரண்டு பேர் இருக்க வேண்டும். இருக்கிறார்களா என்று பார்க்க ஆய்வுக் குழு வரும். வரும் அன்று இருப்பார்கள்.

எட்டாவதாக ஒருத்தி உண்மையிலேயே இருந்தாள், மெஹ்ரீன். பெருங்களத்தூரை ஒட்டிய பீர்க்கன்கரணைப் பெண், நான் பார்த்த விரிவுரையாளர்களில் மாணவர்கள் தாமாகவே வகுப்புக்கு வந்தது அவளுக்கு மட்டும்தான். போன அக்டோபரில் பிரசவ விடுப்புக்கு விண்ணப்பித்தாள். நவம்பர் முதல் தேதி அவளுடைய நாற்காலி தேர்வு அறைக்குப் போனது, வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்த வரியில் கோடு விழுந்தது. வேலையிலிருந்து நீக்கியதாக அவளுக்குக் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

போன மாதம் முதல்வர் தோத்தாத்ரி என்னைக் கூப்பிட்டார். “ரோஹிணி, வெளியிலேர்ந்து நாலு பேருக்கு ஏற்பாடு பண்ணியாச்சு. பதினொண்ணு ஆச்சு. அந்த மெஹ்ரீனை ஒரு நாள் வரச் சொல்லுங்கோ. அப்ரூவல் வந்துட்டா லிஸ்ட்ல இருக்கறவாள எடுத்துத்தானே ஆகணும்? அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்ச மாதிரிதான்.” நான் அன்று மாலையே பேருந்து பிடித்து ஏரிக்கரை வழியாக அவள் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்: “எழுத்துல தருவாங்களா மேடம்?” “நான் சொல்றேன்ல?” என்றேன். இருபத்திரண்டு வருட வேலையில் யாருக்கும் நான் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுத்த முதல் வாக்கு இது.

இதற்கிடையில் கிளியம்மாள் விஷயம் தாளாளர் காதுக்குப் போய்விட்டது. “இன்னா மேடம், பேசுற கம்ப்யூட்டர் செஞ்சுகினு இருக்கீங்களாமே, நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல? அதைத் தூக்கி வாசல்ல வைங்க. கமிட்டி உள்ள வந்ததும் அதுவே வணக்கம் சொல்லட்டும்” என்றார். “பேசாது சார். நாம தட்டினா திரையில பதில் வரும், அவ்வளவுதான்” என்றேன். “வரட்டுமே. நம்ம ஸ்டாஃபுல பாதிப் பேருகிட்ட அதுவும் வர்றதில்லையே!” என்றார். அந்தப் பாதியில் நான் உண்டா என்று கேட்கவில்லை.

இங்கேதான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். என்னிடம் இரண்டு கோப்புறைகள் இருந்தன. ஒன்று குழுவுக்கு: நாற்பது ஜோடி, எல்லா விடையும் ‘சிறப்பாக உள்ளது’ என்பதன் வகைகள். இன்னொன்று சோதனைக்கு. ‘விடை நிச்சயமாகத் தெரிந்த கேள்விகளிலிருந்து தொடங்குங்கள்’ என்று மூன்றாம் அத்தியாயத்தில் வாசகருக்கு அறிவுரை சொல்லியிருக்கிறேன் அல்லவா, அதை நானே கடைப்பிடித்தேன். ஆசிரியர் கூட்டங்களில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விடைகள் எத்தனை என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. முந்நூற்று நாற்பது ஜோடி. எழுத எழுத உடம்பு லேசானது. இலவச மென்பொருளின் நன்மைகளில் இதைக் குறிப்பிட மறந்துவிட்டேன்.

இன்று காலை குழு வந்தது. செவ்வாய்க்கிழமையே ஒரு வேனில் நூலகப் புத்தகங்களும், இன்னொரு வேனில் பிரௌசிங் சென்டர் கணினிகளும் வந்து இறங்கியிருந்தன. வெளியிலிருந்து வந்த நான்கு பேரில் ஒருவர் என்னிடம் ஓடிவந்து, “மேடம், போன வருஷம் நான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்தேன். இந்த வருஷமும் அதேதானா, இல்ல பிரமோஷன் உண்டா?” என்று கேட்டார். மெஹ்ரீன் வந்தாள். குழந்தையை ஆய்வகத்தில் துப்புரவுப் பணியாளர் செல்லியம்மாளிடம் விட்டிருந்தாள். வாசலில் மேசை, மேசையில் பட்டுத்துணி, அதன்மேல் கணினி. ஆய்வக உதவியாளர் மாரி, என் வயதுக்காரர், அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

“மாரி, எந்த ஃபோல்டர் போட்டீங்க?”

“ரெண்டு கீது மேடம், ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு. கமிட்டிக்குப் போய் யாராச்சும் சின்னத வெப்பாங்களா? பெருசத்தான் போட்டுக்கீறேன்.”

நான் மேசையை அடைவதற்குள் குழு அடைந்துவிட்டது. மூன்று பேர். தலைவர் வடக்கேயிருந்து வந்தவர். ஒருவர் மதுரைப் பக்கத்துப் பேராசிரியர். மூன்றாமவருக்கு முழங்கால் வலி, வரவேற்பறையில் உட்கார்ந்து அங்கிருந்து எழவே இல்லை. தலைவர் இரண்டு விரலால் தட்டினார். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன், நான்காம் அத்தியாயத்தில் உள்ள அதே வடிவத்தில்:

தலைவர்: இந்தத் துறையில் எத்தனை ஆசிரியர்கள்?
கிளியம்மாள்: ஏழு. ஆய்வு நாட்களில் பன்னிரண்டு.

தலைவர்: நூலகம் எப்படி?
கிளியம்மாள்: செவ்வாய்க்கிழமை வந்தது. இன்று மாலை திரும்பிப் போகும்.

தலைவர்: கட்டடம் உறுதியானதா?
கிளியம்மாள்: தாளாளர் மாடிக்கு வருவதில்லை.

முதல்வரின் முகம் வெளுத்தது. தாளாளர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க நோட்பேட் போதாது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போது தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நகைச்சுவை உணர்வையும் சேர்த்திருக்கிறீர்களே! அற்புதம்!” என்று முதல்வரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாளாளர் ஒரு நொடி திகைத்து, பிறகு அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். உடனே பதினொரு விரிவுரையாளர்கள் சிரித்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் கைகுலுக்குவார்கள் என்பது எனக்கு இந்த வயதில் கிடைத்த செய்தி.

சிரிப்புக்கு நடுவில் ஆய்வகத்திலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. மெஹ்ரீன் ஓரடி எடுத்து வைத்து நின்றுவிட்டாள். மதுரைப் பேராசிரியர் கவனித்துவிட்டார். “உங்க பேர் என்னம்மா?” என்றார். சொன்னாள். “இது உங்களைப் பத்தி என்ன சொல்லுதுன்னு பாப்போமா?” என்று அவரே உட்கார்ந்து அவள் பெயரைத் தட்டினார்.

கிளியம்மாள்: அக்டோபரில் பிரசவ விடுப்பு கேட்டார். நவம்பரில் அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். இப்போது இங்கே வேலை செய்யவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். தாளாளரையோ முதல்வரையோ பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். “மேடம், இது நிஜமா?” என்று தமிழில், மெதுவாக, ஒரு மனிதர் கேட்கிற மாதிரி கேட்டார். எதிரில் மெஹ்ரீன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாதிரித் தரவு சார்” என்றேன்.

அவர் மெஹ்ரீன் பக்கம் திரும்பினார். “மேடம் எப்பவும் இப்படித்தான் சார். எங்களை வெச்சு ஜோக் எழுதுவாங்க” என்று சொல்லிச் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பிறகு குழந்தையிடம் போனாள். குழு சாப்பிடப் போனது. பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கேள்வி எதிலும் அடங்காதபோது சொல்வதற்கென்று நட்சத்திரக் குறிக்கு நேரே ஒரு விடை எழுதி வைக்கச் சொன்னேன் அல்லவா, வாசகர்கள் அதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. என்னிடம் வெகு நாளாக இருக்கிறது.

ஆகவே என் முடிவைத் தெரிவிக்கிறேன். நாளை காலை பத்து மணிக்கு முதல்வர் அறைக்குப் போகப் போகிறேன். ஒன்று, மெஹ்ரீனின் நியமன ஆணையை எழுத்தில் வாங்குவேன். இல்லை, என் ராஜினாமாவைக் கொடுப்பேன். கடிதம் தட்டச்சாகிப் பையில் இருக்கிறது, தேதி மட்டும் போட வேண்டும். இந்த நிலையில் ‘எந்த மென்பொருளையும் அச்சமின்றி அணுகுங்கள்’ என்று முன்னுரையில் அறிவுரை சொல்லும் புத்தகத்தில் என் பெயர் இருப்பது சரியல்ல. பாட்டரங்கத்துக்கு ஒலிபெருக்கி வைப்பது எப்படி, வீட்டில் மெழுகுவத்தி செய்வது எப்படி என்று தங்களிடம் நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றை மறுபதிப்பு செய்யுங்கள், யார் வேலையும் போகாது.

தங்கள் வீட்டாருக்கும், என் கிறுக்கலைப் பொறுமையாகத் தட்டச்சு செய்த அச்சகத் தோழருக்கும் என் அன்பைச் சொல்லவும். தங்கள் புத்தகங்களில் பிழைகளும், தங்கள் வாழ்வில் என்னைப் போன்ற எழுத்தாளர்களும் குறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ரோஹிணி

பின்குறிப்பு (13 ஏப்ரல், வெள்ளி): மேலே கேட்டுக்கொண்ட எதையும் செய்ய வேண்டாம். நான்காம் அத்தியாயத்தோடு, என் பெயரோடு, அச்சுக்கு அனுப்பலாம். புத்தகம் வெளிவரும்போது அறிமுகக் குறிப்பில் ‘துறைத் தலைவர்’ என்று போட வேண்டுமாம், தாளாளர் சொல்லச் சொன்னார்.

நடந்ததை எழுதிவிடுகிறேன். காலை பத்து மணிக்குப் போனேன். முதல்வர் அறையில் தாளாளரும் இருந்தார். ‘புதுமையான முயற்சி’ என்ற பாராட்டோடு அறுபது இடங்களுக்கும் குழு பரிந்துரைத்துவிட்டதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்களாம். இனிப்பு கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர் பட்டியல் மேசையில் தயாராக இருந்தது. துறைத் தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். படித்தேன். பதினோராவது வரைக்கும் நேற்று நின்றவர்கள். பன்னிரண்டாவது: ‘திருமதி து. கிளியம்மாள், எம்.சி.ஏ., எம்.ஃபில்., அனுபவம் மூன்று ஆண்டுகள்.’

“மெஹ்ரீன் எங்கே சார்?” என்றேன். முதல்வர் ஜன்னலைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு பேரப் போட்டா சம்பளம் கேக்கும், அப்பால ரெண்டாவது கொழந்தைன்னு லீவு கேக்கும். இதுக்கு அந்தப் பேஜார் இல்ல பாருங்க. இனிஷியல் நம்முது வெச்சுக்கினேன், தப்பில்லையே?” என்றார் தாளாளர்.

பையில் கை வைத்தேன். ராஜினாமாக் கடிதம் விரலில் பட்டது. அதற்குப் பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்தேன்.

பட்டியலை மாரி அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது பதினொன்றேகால். மெஹ்ரீன் குழந்தையோடு அங்கே நின்றிருந்தாள். நான் வரச் சொல்லியிருந்தேன். மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். கடைசி வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நேற்றுச் சிரித்தது மாதிரி இல்லை. “என்னைவிட அவங்களுக்கு அனுபவம் ஒரு வருஷம் கூட, மேடம்” என்றாள். பிறகு பட்டியலின் அடியைப் பார்த்தாள்.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாம்” என்றேன்.

குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு பெருங்களத்தூர் பேருந்துக்குப் போனாள்.